நடை வேகம்

நாற்பது மைல் வேகத்தில் அது வாயே திறக்காது.
நடை வேகத்துக்கு இறங்கினால்தான் கத்தும்.
லீட்ரிமில் எங்கள் பக்கம் சவவண்டிக்கு
வேறு வேகம் கிடையாது.
தேவாலயத்திலிருந்து கல்லறைத் தோட்டம் வரை
வண்டி முன்னால் ஊரும்,
ஊர் பின்னால் நடக்கும்.

தபால்காரர் பாக்கி மக்டெர்னன்,
யாருக்கும் ஒரு காசு கடன் வைக்காதவர்,
அவரைக் கொண்டுபோன அன்று
ஒவ்வொரு பள்ளத்திலும்
க்ரீஈஈச்.
பள்ளிக்கூடத்து வேகத்தடையில்
ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று.
குடைகளுக்கு அடியில் யாரோ
சிரிப்பை இருமலாக்கினார்கள்.
பாதிரியார் ஜெபமாலையை
இன்னும் உரக்கச் சொல்லிப் பார்த்தார்.
ஓட்டிக்கொண்டிருந்த டிம்ப்னா கில்ரேனின் பிடரி
சிவந்து போயிருந்தது.
கண்ணாடிக்கும் பெட்டிக்கும் பூக்களுக்கும் அப்பால்
எனக்குத் தெரிந்தது.

எனக்கு அதுவும் தெரிந்தது,
கத்துவது எந்த இடம் என்பது.
வலது முன்சக்கரம், கீழ்க்கை, பின்பக்கத்து புஷ்.
மார்ச்சில் நான் போட்டது.

பழைய ரப்பர் வெடித்துக் கிடந்தது.
பாலியூரித்தேன் போடு, வண்டி போனாலும் அது போகாது
என்று அவளிடம் சொன்னவன் நான்.
ரப்பர் இரும்போடு ஒட்டிப் பிறந்தது.
சக்கரம் எழும்பினால் தன்னையே முறுக்கிக்கொண்டு
பொறுத்துக்கொள்ளும்;
முறுக்கி முறுக்கி ஒருநாள் கிழியும்.
பாலியூரித்தேனுக்கு அந்தப் பொறுமை இல்லை.
நடுவில் இருக்கும் எஃகுக் குழாய்
அதற்குள் வழுக்கிச் சுழல வேண்டும்.
வழுக்கவில்லையென்றால் ஊரைக் கூட்டும்.

டப்பாவோடு வந்த சிலிக்கான் கிரீஸ்
ஒரு சின்னப் பொட்டலம்.
மூன்று புஷ்ஷுக்குக் கண்டது.
வெள்ளிக்கிழமை, மணி ஐந்தே முக்கால்.
நாலாவதுக்கு
அலமாரியில் இருந்த பேரிங் கிரீஸை
ஒரு விரல் தடவி
போல்ட்டை முடுக்கிவிட்டேன்.
ஆறு மாத மழைக்கு அது எம்மாத்திரம்.

அடக்கம் முடிந்து
ஹாம் சாண்ட்விச்சும் டீயும் முடிந்து
இருட்டிய பிறகு டிம்ப்னா வண்டியைக் கொண்டுவந்தாள்.
ஸ்டாண்டில் ஏற்றினேன்.
அடியில் படுத்தேன்.
எனக்கு நேர் மேலே இல்லை அவர் கிடந்த இடம்,
கொஞ்சம் பின்னால்.
இருந்தாலும் விளக்கைக் கொஞ்சம்
முன்னால் தள்ளி வைத்துக்கொண்டேன்.

குழாயைத் தட்டி எடுத்தேன்.
துரு, மணல், கறுத்த விழுது.
துணியால் துடைத்து, உப்புத்தாளால் தேய்த்து,
புதுப் பொட்டலத்தைப் பல்லால் கடித்துத் திறந்தேன்.
நிறமில்லாத பசை.
இழுத்தால் நூல் விடும்,
சோப்புக்கு மசியாது.
உள்சுவர் முழுக்க, விளிம்பு முழுக்க,
வாஷர் படும் முகம் முழுக்க.
இந்த முறை நாலுக்கும்.
டார்க் ரெஞ்ச் 'டக்' என்றது.
முன்மூலையை அமுக்கிவிட்டேன்.
போனது, வந்தது,
ஒரு வார்த்தை இல்லை.

"என்ன கோளாறு?"
"காய்ந்து போயிருந்தது."
யாரால் என்று அவள் கேட்கவில்லை.
பணம் நீட்டினாள். வாங்கவில்லை.
நல்லவன் என்று நினைத்துக்கொண்டு போயிருப்பாள்.

அந்த வியாழனே அடுத்த சாவு,
ஆட்டுப்பண்ணை ஹெஸ்லின்.
தூறலில் நடந்தோம்.
காலணிச் சத்தம், மூக்குறிஞ்சும் சத்தம்,
டயருக்கடியில் தண்ணீர் பிரியும் சத்தம்.
வேகத்தடை வந்தது.
மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.
வண்டி ஏறியது. இறங்கியது.

பக்கத்தில் நடந்த உனா மக்டெர்னன்
என் முழங்கையைத் தொட்டாள்.
"கேட்டாயா?"
"என்னது?"
"அதான். ஒன்றுமே இல்லை.
எங்க ஆளுக்குத்தான் அது
வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தது.
வீட்டுக்கு வீடு நின்று வம்பு பேசுவாரே,
அப்படியே."

அவள் முகத்தில் நான் இதுவரை பார்க்காத ஒரு பெருமை.

சொல்லியிருக்கலாம்.
பிசுபிசுப்பு இன்னும் போகாத கையைக்
கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டு
"ஆமாம், கேட்டேன்" என்றேன்.